உறுதிப் பைக்குள் ஒரு கடவுச்சொல்

இடம்பெயர்ந்த குடும்பங்களில் பெரும்பாலும் ஒரு பை இருக்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள் என எல்லாம் பொலித்தீன் உறையில் சுற்றப்பட்டு அதற்குள் கிடக்கும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும் 1995இல் வலிகாமம் முழுவதிலுமிருந்தும் புறப்பட்ட எம்மவரில் பலர், ஆடு மாடுகளை அவிழ்த்துவிட்டு வந்தாலும் அந்தப் பையைக் கைவிடவில்லை. இன்று அதன் ஒரு பகுதி கைத்தொலைபேசிக்குள் சென்றுவிட்டது.

அண்மையில் ஒரு தாய் எம்மைத் தேடி வந்தார். அவரது தொலைபேசி தோட்டக் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. வெளிநாட்டிலுள்ள மகன் புதியதொன்றை வாங்கி அனுப்பியும் பயனில்லை. பழைய மின்னஞ்சலின் கடவுச்சொல் எவருக்கும் தெரியாது. "பாதர், உறுதியின்ரை படமும் அதுக்குள்ளதான் கிடக்குது" என்றார். மூல உறுதி இடப்பெயர்வில் தொலைந்தது. காணிப் பதிவகத்தில் தேடுவதற்கு வேண்டிய உறுதி இலக்கம் அந்தப் படத்தில்தான் இருந்தது. நல்ல காலமாக, மகளின் பழைய தொலைபேசியில் அதே மின்னஞ்சல் மூடப்படாமல் இருந்ததால் மீட்க முடிந்தது.

இத்தகைய இழப்பைத் தவிர்க்கவே கடவுச்சொல் பெட்டகம் என்னும் செயலிகள் உள்ளன. எல்லாக் கடவுச்சொற்களையும் அது ஒரு பெட்டிக்குள் இட்டுப் பூட்டும். அதைத் திறக்கும் ஒரேயொரு முதன்மைக் கடவுச்சொல்லை மட்டும் நீங்கள் அறிந்திருந்தால் போதும். எதைத் தெரிவு செய்வது என்று பலர் எம்மைக் கேட்கின்றனர். கருவி மாறினாலும், நிறுவனம் மாறினாலும், எம்மோடு புறப்பட்டு வரக்கூடியது எதுவோ அதைத்தான் நாம் தேட வேண்டும். இடம்பெயர்ந்தவருக்கு இது புதிய பாடமல்ல.

லாஸ்ட்பாஸ் என்னும் பெட்டகத்தை உலகெங்கும் பெருந்தொகையானோர் இலவசமாகப் பாவித்து வந்தனர். 2021 மார்ச்சில் அந்நிறுவனம், இலவசப் பாவனையாளர் கணினியிலோ தொலைபேசியிலோ ஒன்றில் மட்டுமே பாவிக்கலாம் என்று கட்டுப்படுத்தியது. 2022இல் அதன் சேமிப்பிலிருந்து பெட்டகங்களின் பிரதிகளே திருடப்பட்டன. கடவுச்சொற்கள் பூட்டப்பட்டே இருந்தன. ஆனால் எந்தெந்த இணையத்தளங்களில் கணக்கு உண்டு என்பது பூட்டின்றிக் கிடந்தது. இலகுவான முதன்மைக் கடவுச்சொல் வைத்திருந்தவரின் பூட்டை, திருடர் ஆறுதலாக இருந்து உடைக்கலாம். மைக்ரோசொப்டின் ஒதென்டிகேற்றர் செயலியோ 2025இல் கடவுச்சொல் சேமிப்பையே நிறுத்திவிட்டது. பெரிய நிறுவனம் என்பதற்காக நிலைத்திருக்கும் என்று எண்ணிவிடலாகாது. உள்ளிருப்பதை வெளியே எடுத்துச் செல்ல அது வழிவிடுகிறதா என்பதை முதல் நாளே பாருங்கள்.

அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் கூகுளின் பெட்டகம் ஏற்கெனவே இருக்கிறது. கூகுள் கணக்குடன் அது புதிய தொலைபேசிக்கும் வந்து சேரும். எனினும் ஒரு தொலைபேசியை வீடு முழுவதும் பாவிக்கும் எமது வழக்கத்தில், திரைப் பூட்டைத் திறக்கத் தெரிந்தவர் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். அப்பிளின் பெட்டகம் அன்ட்ரொயிட்டுக்கு வராது, அதை விட்டுவிடுவோம்.

கீபாஸ் 2003 முதல் இருந்து வருகிறது. இலவசமானது, அதன் பெட்டகம் ஒரு கோப்பாக உங்கள் கையிலேயே இருக்கும். சிக்னல் கிடைக்காத இடத்திலும் திறக்கலாம். தொலைபேசியில் அதே கோப்பைத் திறக்க கீபாஸ்டிஎக்ஸ் என்ற செயலி உண்டு. ஆனால் ஒரு கருவியிலிருந்து மற்றதற்கு நீங்களே பிரதி எடுக்க வேண்டும். பழைய பிரதியைப் புதியதன் மேல் போட்டுவிட்டால் புதியது போய்விடும். கணினியில் பழகிய பிள்ளை வீட்டிலிருந்தால் மாத்திரம் இதை நாடலாம்.

பலருக்கும் நாம் பரிந்துரைப்பது பிட்வார்டன். 2016இல் வெளிவந்த இதை, எத்தனை கருவிகளில் வேண்டுமானாலும் இலவசமாகப் பாவிக்கலாம். உங்கள் கருவியிலேயே பூட்டிய பின்னர்தான் கடவுச்சொற்கள் நிறுவனத்துக்குச் செல்கின்றன. ஆகவே முதன்மைக் கடவுச்சொல்லை மறந்தால் அவர்களாலும் அதைத் திறந்து தர முடியாது. இன்னொரு பொறியும் உண்டு. இரட்டைச் சரிபார்ப்பு வைக்காதவர் புதிய கருவியில் நுழையும்போது, 2025 முதல், மின்னஞ்சலுக்கு ஓர் இலக்கம் அனுப்பப்படுகிறது. அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் பெட்டகத்துக்குள் மட்டுமே இருந்தால், திறப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

எனவே முதன்மைக் கடவுச்சொல்லையும் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் தாளில் எழுதி அந்த உறுதிப் பைக்குள் வையுங்கள். எழுதி வைக்கவே கூடாது என்பார்கள். எங்கோ இருக்கும் திருடன் உங்கள் பைக்குள் கைவிட முடியாது. முதன்மைக் கடவுச்சொல்லுக்கு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்கள் போதும். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டாம். ஊர்ப் பெயரும் வேண்டாம். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதுவோர், 'வாழை'யைப் பல விதமாக எழுதலாம் என்பதை நினைவிற் கொண்டு, அழுத்தியபடியே எழுத்துக்கு எழுத்து தாளில் பதியுங்கள். கொமியூனிகேஷன் கடைக் கணினியில் பெட்டகத்தைத் திறக்க வேண்டாம். பெட்டகத்திலிருந்து வெளியே எடுத்த பிரதி சாதாரண கோப்பாயின் பூட்டின்றியே இருக்கும். புதிய இடத்தில் சேர்த்ததும் அதை அழித்துவிடுங்கள்.

மூன்று நான்கு கணக்குகள் மட்டும் உள்ள முதியவருக்கு ஒரு கொப்பியே போதும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மேலே சொன்ன தாயும் கொப்பியைத்தான் விரும்பினார். மகள் பிட்வார்டனை எடுத்துக்கொண்டார். சென்ற கிழமை அவர் தாளைப் பார்த்து, தாயின் புதிய தொலைபேசியில் தன் பெட்டகத்தைத் திறந்து பார்த்தார். திறக்கவில்லை. தாளில் ஓரெழுத்து பிழையாக இருந்தது. திருத்தி எழுதி, மீண்டும் திறந்து பார்த்து, தாளைப் பைக்குள் வைத்தார்கள்.