அடுக்களையின் நிறமும் பொருளும்

வீடு கட்டப் புகுவோர் முன்வாயிலின் அழகிலும் கூடத்தின் அகலத்திலும் செலுத்தும் கருத்திற் பாதியையேனும் அடுக்களையிற் செலுத்தக் காண்பது அரிது. நீரும் நெருப்பும், எண்ணெயும் புகையும், புளியும் மஞ்சளும் நாள்தோறும் வந்து மோதும் இடம் ஒரு வீட்டில் அஃதொன்றே. வாழ்நாளில் ஒருமுறை, அதுவும் கடன் பெற்று, வீடெடுக்கும் ஆசிரியர்க்கோ எழுத்தர்க்கோ அவ்வறையின் மேடையையும் தரையையும் பத்தாண்டுக்கொருமுறை பெயர்த்துப் புதுக்குதல் எளிதன்று. பெயர்க்காது விடின், அடுப்பின்முன் நிற்போர் தமக்கு அலுத்துப்போன நிறத்தின் நடுவே காலமெல்லாம் உழைக்க நேரும். ஆதலின், விரைவில் இல்லறம் புகவிருக்கும் மாணவ நண்பர்க்கும், வீடு கட்டும் எண்ணமுடைய பழைய மாணவர்க்கும் பயன்படுமாறு, எந்நிறமும் எப்பொருளும் அடுக்களையில் நெடுங்காலம் நிற்கத்தக்கன என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அடுக்களைப் பொருள்களின் நிறம் இருவகைப்படும். ஒன்று, பொருளின் உடம்பெங்கும் ஊறிக் கிடக்கும் நிறம்; மற்றொன்று, அதன் மேல் போர்த்த நிறம். கருங்கல்லைக் கீறினும் தேய்ப்பினும் உள்ளேயும் கருங்கல்லே தோன்றும். மேலே வண்ணத்தாள் ஒட்டிய பலகையோ முதற்கீறல் விழுந்த அன்றே பழையதாகிவிடுகின்றது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டோர்க்கு யாம் கூறுவது இது: பெயர்த்தற்கு அரிய தரைக்கும் மேடைக்கும் உடம்பின் நிறத்தைக் கொள்க, நமக்கு விருப்பமான புதுநிறங்களையெல்லாம் எளிதில் மாற்றக்கூடிய சுவருக்கு விடுக.

இம்முறை நம் முன்னோர் அறியாததன்று. பொங்கல்தோறும் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். சுண்ணாம்புநீர் காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஈர்த்து மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக இறுகுகின்றது. அதன் காரத்தன்மை பூஞ்சணம் படர்வதையும் தடுக்கின்றது. வெள்ளை பழுப்பாய்த் தோன்றாதிருத்தற்பொருட்டுச் சிறிது நீலமும் கலந்தார்கள். சுவர் ஆண்டுக்கொருமுறை மாறிற்று, தரை மாறவில்லை. பிற்காலத்தில் அத்தரை சிவப்பு ஆக்சைடு கலந்த சிமெண்டாலாயிற்று. ஆத்தங்குடியிற் கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்துச் செய்யும் ஓடுகளும் பெரும்பாலும் இவ்வினத்து வண்ணங்களையே கொண்டவை. அறுபது எழுபது ஆண்டு கழிந்த சிவப்புத் தரைகள் இன்றும் பல வீடுகளில் மங்காதிருத்தற்குக் காரணம் யாது? அவ்வண்ணம் இரும்புத் துருவின் இனத்தைச் சேர்ந்தது. ஏற்கெனவே காற்றோடு கூடி முடிந்த பொருளைக் காற்று இனி என் செய்யும்? வெயிலும் அதனை வெளுப்பிப்பதில்லை. செயற்கைச் சாயங்கள் பலவற்றின் நிலை வேறு. ஒளி பட்டு அவற்றின் அணுக்கூட்டம் சிதைய, நிறமும் உடன் போகின்றது.

விலையுயர்ந்த பொருளின்மீது அக்காலத்துப் புதுநிறத்தை ஏற்றுவதால் விளையும் கேட்டுக்குச் சான்று வேண்டுவோர் அமெரிக்க நாட்டை நோக்குக. அங்கே 1960-களின் பிற்பகுதியிலும் 1970-களிலும் குளிர்ப்பெட்டி, அடுப்பு முதலியவை வெண்ணெய்ப்பழத்தின் பசுமையிலும், முற்றிய கதிரின் பொன்மஞ்சளிலும் விற்பனையாயின. சில ஆண்டுகளில் மக்கள் கண்ணுக்கு அவை சலித்தன. ஆனால் நன்றாய் ஓடிக்கொண்டிருக்கும் குளிர்ப்பெட்டியை நிறத்தின்பொருட்டு எறிவது எங்ஙனம்? இன்றளவும் அந்நாட்டார் காலங்கடந்த அடுக்களைக்கு எள்ளல் மொழியாக அவ்விரு நிறங்களையே எடுத்துரைக்கின்றனர். பசுமை செய்த குற்றம் ஒன்றுமில்லை. அது இருந்த இடமே பொருந்தாதது.

இதற்கு மாறாக, 1926-ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள பிராங்க்பர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்கென மார்கரெட்டே ஷுட்டெ-லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரிய நாட்டுக் கட்டடக் கலைஞர் ஓர் அடுக்களையை வகுத்தார். சிற்றறைதான், நீளம் சுமார் 3.4 மீட்டர், அகலம் சுமார் 1.9 மீட்டர். மாவுப்பெட்டியை ஓக் மரத்தாற் செய்வித்தார், மாவுப்புழு அதனை அணுகாதென்று. காய் நறுக்கும் பலகைக்குப் பீச் மரத்தைக் கொண்டார், அது கறையையும் கத்தித் தழும்பையும் தாங்குமென்று. அலமாரிகளுக்கு நீலப்பச்சை வண்ணம் பூசுவித்தார். ஈக்கள் அந்நிறத்தை நாடா என்பது அக்காலத்தார் நம்பிக்கை. அந்நம்பிக்கை எத்தகையதாயினும், பூச்சாதலின் எப்பொழுதும் மாற்றத்தக்கது. பொருள் ஒவ்வொன்றும் காரணம் பற்றித் தேர்ந்தெடுக்கப்பட்டமையால், லண்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டுள்ள அவ்வடுக்களை இன்று காண்போர்க்கும் விநோதமாய்த் தோன்றுவதில்லை.

நிற்க. நம் நாட்டு அடுக்களையில் முதன்மையானது மேடைக்கல். கடப்பைக் கல் மலிவானது, கருமை அழகியது, அலமாரித் தட்டுக்கு அதனினும் தக்கது வேறில்லை. எனினும் அது சுண்ணாம்புக்கல் இனத்தது. எலுமிச்சைச் சாறோ புளிநீரோ சிந்தி நின்றால், அமிலம் கல்லைச் சிறிது கரைக்க, மெருகு போய் வெளிறிய திட்டு விழும். மெருகிடாத கடப்பைக் கல்லை வாங்கி, அவ்வப்போது சிறிது தேங்காயெண்ணெய் தடவி வருவோர்க்கு இக்குறை அவ்வளவாகப் புலப்படாது. வெள்ளைச் சலவைக்கல்லும் இவ்வினத்ததே. அதன்மேல் மஞ்சட்கறையும் ஏறும். வெளிநாட்டுப் படங்களைக் கண்டு மயங்கி நம்மவர் அதனை மேடைக்கு இடுவது எமக்கு உடன்பாடன்று. அந்நாட்டார் நாளும் மஞ்சளும் புளியும் கரைப்பவரல்லர்.

கிரானைட் இவற்றினும் மேம்பட்டது. நம் சமையலின் அமிலங்கள் அதனை ஒன்றும் செய்வதில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கங்களில் வெட்டியெடுக்கும் கருநிறக் கல் உலகெங்கும் செல்கின்றது. ஆனால் வாங்குவோர் ஒன்றை அறிதல் வேண்டும். சாம்பல் நிறக் கல்லுக்குக் கருஞ்சாயம் தேய்த்துக் கருங்கல்லாக விற்போரும் உளர். நகப்பூச்சை அகற்றும் அசிட்டோன் என்னும் திரவத்தை வெள்ளைத் துணியில் நனைத்துக் கல்லை அழுத்தித் துடைத்தால், சாயமாயின் துணியில் ஒட்டும். எலுமிச்சைச் சாற்றில் ஒரு துளியை மாதிரித் துண்டின்மேல் இரவு முழுதும் விட்டு வைத்தால், சுண்ணாம்புக்கல்லா அன்றா என்பதும் விடிந்தவுடன் விளங்கும். குவார்ட்ஸ் எனப்படும் செயற்கைக் கல்லில் கற்பொடியைப் பிணைப்பது ஒருவகைப் பிசின். அடுப்பினின்று இறக்கிய வாணலியை அதன்மேல் வைத்தால் பிசின் கருகிப் பழுப்பேறும். கல் போன்றிருப்பினும் கல்லன்று என்பதை மறத்தலாகாது.

மஞ்சட்கறை பற்றி ஒரு சொல். கறை பட்ட இடத்தைச் சோப்பினால் தேய்த்துச் சிவப்பேறக் கண்டு அஞ்சுவோர் பலர். மஞ்சளின் சாயம் காரத்தில் சிவப்பது இயல்பு. அஃது ஒளிக்கு ஆற்றாத சாயமாகவும் இருத்தலின், வெயில் படும் இடமாயின் சில நாளில் தானே மறையும். அடுக்களைக்குக் கிழக்கு நோக்கிய சன்னல் வைத்தலில் இந்நன்மையும் உண்டு.

அலமாரிக் கதவுகளுக்குச் சன்மைக்கா ஒட்டுவது இன்று பெருவழக்கு. 1912-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் மின்கருவிகளில் மைக்காவுக்கு மாற்றாகத் தோன்றிய பொருளின் வழிவந்தது இது. பிசினில் தோய்த்த தாள்களின் அடுக்கே அது. நிறமும் மரவரியும் மேல்தாளில் மட்டும் உள்ளவை. ஆகவே அதிற் பளபளப்பான செந்நிறமும் ஊதாவும் வேண்டா. வெளிறிய சாம்பல், பாலாடை நிறம் ஆகியவற்றில் கீறலும் புதுமையின் இழப்பும் மிகுதியாய்த் தெரியா. அடியிலுள்ள பலகை மரத்தூளை அழுத்திச் செய்ததாயின் ஈரத்தில் ஊதிப்போம். நிறத்தை ஆராயுமுன் அதனை ஆராய்தல் நன்று. எவர்சில்வர் தொட்டியைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. கீறல் விழினும் அதிலுள்ள குரோமியம் காற்றோடு கூடி மெல்லிய படலத்தால் மீண்டும் மூடிக்கொள்கின்றது.

“அழுக்குத் தெரியாத நிறம் வேண்டும்” என்று கூறி மேடை, சுவர், அலமாரி யாவற்றையும் கருநிறமாக்குவோரை யாம் கண்டிருக்கின்றோம். அழுக்குத் தெரியாவிடின் துடைப்பது எங்ஙனம்? கருமை ஒளியை விழுங்குதலின், பருப்பிற் கிடக்கும் கல்லும், கத்திமுனையருகே நிற்கும் விரலும் கண்ணுக்குத் தெளிவாய்ப் படா. அங்கே நிற்பவர் முதியவராயின் இடர் இரட்டிப்பாகும். மேடை கருமையாயிருப்பின் சுவர் வெண்மையாயிருக்கட்டும். நிறந்தேரும் நாளில் வீட்டுத் தலைவரும் கொத்தனாரும் மட்டும் கடைக்குச் செல்லாது, நாளும் அங்கே சமைப்பவரையும் உடனழைத்துச் செல்க. மாதிரித் துண்டுகளை வீட்டுக்குக் கொணர்ந்து காலை வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் வைத்துப் பார்க்க.

சுவரில் அடுப்புக்குப் பின்னால் பீங்கான் ஓடு பதிப்போர் இடைவெளிச் சாந்துக்கு வெண்மையைத் தவிர்த்துச் சாம்பல் நிறத்தைக் கொள்க. தாளிக்கும் எண்ணெய் முதலில் ஏறுவது அங்கேதான். ஓடு வாங்கும்பொழுது தேவைக்குமேல் ஒரு பெட்டி சேர்த்து வாங்கிப் பரண்மேல் வைத்தலும் வேண்டும். ஒரே பெயருடைய ஓடும் சூளைக்குச் சூளை நிறத்திற் சிறிது வேறுபடும். ஐந்தாண்டு கழித்து இரண்டு ஓடு உடைந்து கடைக்குச் செல்லும்பொழுது, அவ்வகை செய்வதை நிறுத்திவிட்டார்கள் என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது.