21 சதவீதம்: யாரும் செட் பண்ணாத டிஃபால்ட்



இந்த வார எபிசோடில் ஸ்டெம் செல் பத்திப் பேசினப்போ, ஆக்சிஜன் விஷயத்தை ஒரே வரியில் தாண்டிப் போயிட்டோம். அதை இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பழைய சிஸ்டம் எதிலும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்தா, யார் வெச்சது, ஏன் வெச்சதுன்னே தெரியாத ஒரு நம்பர் இருக்கும். செல் வளர்க்கிற ஆய்வகங்களில் அந்த நம்பர் 21. இன்குபேட்டரில் வெப்பநிலை 37 டிகிரி, கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம்னு பார்த்துப் பார்த்து செட் பண்ணுவாங்க. ஆக்சிஜனைப் பெரும்பாலும் தொடவே மாட்டாங்க. வெளிக்காற்றில் இருக்கிற 21 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே அது இருக்கும். குறைக்கணும்னா நைட்ரஜன் செலுத்தணும். அதுக்குத் தனிக் கருவி, தனிச் செலவு.

ஆனா உடம்புக்குள்ளே பெரும்பாலான திசுக்களுக்குக் கிடைப்பது ஒற்றை இலக்க சதவீதம்தான். ரத்த ஸ்டெம் செல்கள் வாழும் எலும்பு மஜ்ஜையில் அதிலும் குறைவு.

இதனால என்ன ஆகுது? 1961-ல் ஃபிலடெல்ஃபியாவில் லெனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும், மனித செல்கள் சுமார் 50 தடவை இரட்டித்த பிறகு பெருகுவதை நிறுத்திடும்னு காட்டினாங்க. அந்த நிலைக்குத்தான் செல் முதுமைன்னு பேர். 1977-ல் நம்ம பே ஏரியாவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் லெஸ்டர் பேக்கர், ஆக்சிஜனைக் குறைச்சு வளர்த்தா மனித செல்கள் இன்னும் சில தடவை பெருகுதுன்னு 'நேச்சர்' இதழில் எழுதினார். ஆயுள் நீண்டது, ஆனா வரம்பு மறையலை.

எலி செல்களில் வந்த முடிவு இதைவிட ஆச்சரியம். எலிகளுக்கு டெலோமியர் ரொம்ப நீளம். அது தேய்ஞ்சு போற காரணத்தால் நிற்க வேண்டியதே இல்லை. அப்படியும் இன்குபேட்டரில் சீக்கிரமே நின்னுடும். 2003-ல் ஜூடித் கேம்பிசியின் குழு அதே செல்களை 3 சதவீத ஆக்சிஜனில் வளர்த்தது. அவை நிற்காமல் பெருகிட்டே போச்சு. 20 சதவீதத்தில் மனித செல்களைவிட எலி செல்களின் டி.என்.ஏ. அதிகமாகச் சேதமாகுது, நிறுத்தினது அந்தச் சேதம்தான்னு தெரிஞ்சுது. அதாவது, எலி செல்லோட முதுமைன்னு பல வருஷமா அளந்ததில் பெரும்பங்கு இன்குபேட்டர் உண்டாக்கினது.

ஸ்டெம் செல்லுக்கும் இது பொருந்தும். 2007-ல் 'ஏஜிங் செல்' இதழில் வந்த ஆய்வில், மனித மெசன்கைமல் ஸ்டெம் செல்கள் 3 சதவீதத்தில் கூடுதல் தடவை பெருகின. ஆனா அந்தக் குறைந்த ஆக்சிஜனில் எலும்பாகவோ கொழுப்பாகவோ மாறும் திறன் குறைஞ்சுது. ஸோ, நம்பரை 3-ன்னு மாத்திட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்ல முடியாது. பெருக்க ஒரு அளவு, வேலைக்கு அனுப்ப இன்னொரு அளவு தேவைப்படலாம்.

இது ஏன் நமக்கு முக்கியம்? அம்மா அப்பாவோட முழங்கால் வலிக்கு "கோடிக்கணக்கான ஸ்டெம் செல்" ஊசின்னு ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் விளம்பரம் சுத்திட்டு இருக்கு. செல்களை வளர்த்துப் பெருக்கித்தான் அந்த எண்ணிக்கையைக் காட்ட முடியும். ஒவ்வொரு தடவை பெருகும்போதும் கொஞ்சம் முதுமை கூடுது. எத்தனை செல்னு மட்டும் சொல்றவங்ககிட்ட மூணு கேள்வி கேளுங்க: எத்தனை தடவை பெருக்கினீங்க? எந்த ஆக்சிஜன் அளவில்? அதுல முதுமை அடைஞ்ச செல் எவ்வளவுன்னு டெஸ்ட் பண்ணீங்களா?

இன்னொண்ணு: முழங்கால் தேய்மானத்துக்கு எந்த ஸ்டெம் செல் சிகிச்சைக்கும் இங்கே எஃப்.டி.ஏ. அனுமதி தரலை. இந்தியாவில் 2017-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதல், அனுமதிக்கப்பட்ட சில நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர மற்றதெல்லாம் அப்போ ஆராய்ச்சி நிலைதான்னு சொன்னது. மருத்துவ ஆய்வில் சேர்ற நோயாளிகிட்ட சிகிச்சைக்குக் காசு வாங்கக் கூடாதுன்னும் அந்த வழிகாட்டுதல் சொல்லுது. பில் நீட்டினா, அங்கேயே எழுந்து வந்துடுங்க.

கடைசியா ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் டிஷ்ஷில் வளரும் செல்லைப் பத்தினது. ஆக்சிஜனைக் குறைச்சு சுவாசிச்சா இளமை நீடிக்கும்னு யாராவது யூடியூபில் சொன்னா, அதுக்கு இந்த ஆய்வுகள் ஆதாரம் இல்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.