நீருக்கடியில் நம் வயல்

சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து சேர்ந்ததும் முதலில் எழும் பேச்சு, “சோறு கட்டிக்கொண்டு ஒரு நாள் தண்ணீர்க் கரைக்குப் போவோம்” என்பதுதான். ஆண்டெல்லாம் உழைக்கும் குடும்பத்துக்கு அந்த ஒரு நாள் தேவை. போகவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முதல்நாளே கூடியிருந்து திட்டமிட்டுப் போங்கள் என்கிறோம்.

மலைநாட்டின் பெரிய நீர்த்தேக்கங்கள் இயற்கை ஏரிகள் அல்ல. 1960களில் காசல்ரீ, மவுசாக்கலை அணைகள் எழுந்தன. பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. கடும் வரட்சியில் அங்கிருந்த கோவிலின் எச்சங்கள் வெளியே தெரியும். 1985இல் கொத்மலை நீர்த்தேக்கம் வந்தபோது வயல்களும் வீடுகளும் நீருக்குள் போயின. குடும்பங்கள் மகாவலிக் குடியேற்றங்களுக்கும் வேறு காணிகளுக்கும் பெயர்ந்தன.

இழந்த மண்ணைப் பார்க்க வருகிறவர், “எங்கள் காணி இருந்த இடம், எனக்குத் தெரியாததா?” என்பார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. தெரிந்தது நிலம், நீர் அல்ல. வயல் வரம்புகள் நீருக்கடியில் படிகளாக நிற்கின்றன. முழங்கால் ஆழத்தில் நிற்கும் பிள்ளை, ஓரடி எடுத்து வைத்ததும் தலைக்குமேல் நீர் போய்விடும். மரக்கட்டையும் சுவர்த் துண்டும் காலைப் பிடிக்கும். நீர் வற்றிய ஓரத்தில் சேறு கிடக்கும். மின் உற்பத்திக்கு ஏற்ப நீர்மட்டமும் மாறும். போன வருடம் குளித்த இடம் இந்த வருடம் அதே இடமாக இராது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். நம் பிள்ளைகள் பீலியில் குளித்து வளர்ந்தவர்கள். நீந்தத் தெரியாதவர்களே அதிகம். உயர்ந்த மலையின் குளிர்நீர் திடீரென உடம்பில் பட்டால் மூச்சு இரைக்கும். நீந்தத் தெரிந்தவரும் தடுமாறுவார்.

ஆகவே புறப்படுமுன் இவற்றை முடிவு செய்யுங்கள்:

1. குளிக்கத் தடை என்ற பலகை உள்ள இடத்தில் இறங்கவேண்டாம். அணைக்கு அருகிலும், வான்கதவுகளுக்குக் கீழேயுள்ள ஆற்றிலும் குளிக்கவே கூடாது. மேலே மழை பெய்தால், கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும்.

2. பெரியவர் ஒருவர் தடியால் ஆழம் பார்த்து, கயிறு கட்டி எல்லை குறிக்கட்டும்.

3. கரையில் ஒருவர் பிள்ளைகளை மட்டுமே பார்த்திருக்கவேண்டும். அவர் சமைக்கவோ தொலைபேசி பார்க்கவோ கூடாது. அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது, சத்தமின்றியே போய்விடும்.

4. குடித்தவர் தண்ணீரில் இறங்கக்கூடாது, காவலுக்கும் நிற்கக்கூடாது. இதை வீட்டிலேயே பேசி முடியுங்கள். கரையில் பேசினால் சண்டைதான் வரும்.

5. நீளக் கயிறும், இறுக மூடிய வெறும் பிளாஸ்டிக் கேன் இரண்டும் கொண்டுபோங்கள்.

ஒருவர் மூழ்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர் மாண்ட வீடுகள் உண்டு. கேனைக் கயிற்றில் கட்டி எறியுங்கள், தடியை நீட்டுங்கள். கரைக்கு எடுத்தபின் மூச்சில்லையென்றால் தலைகீழாகத் தூக்காதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மல்லாக்கக் கிடத்தி, வாயோடு வாய்வைத்து மூச்சு கொடுங்கள். பின் நெஞ்சின் நடுவில் வேகமாக அழுத்தி, மூச்சையும் மாறிமாறிக் கொடுங்கள். இன்னொருவர் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்கட்டும்.

அந்த நீர் நம்மிடமிருந்து ஏற்கெனவே நிறைய எடுத்துக்கொண்டது. இனி ஒரு பிள்ளையையும் அதற்குக் கொடுக்கவேண்டாம். போன எல்லோரும் ஒன்றாக வீடு திரும்பினால்தான் அது நல்ல விடுமுறை.