காய்ப்பும் கால் ஆணியும்: தீவகத்தார் அறியவேண்டியவை

முருகைக்கல் பரந்த நெடுந்தீவின் ஒழுங்கைகளிலே வெறுங்காலோடு நடந்து பழகியவர்க்கும், தளைநாரைப் பாதத்தில் மாட்டி நாள்தோறும் பனையேறும் சீவற்றொழிலாளிக்கும், ஊர்காவற்றுறைக் கரையில் வலைக்கயிறு இழுத்து உள்ளங்கை உரம் பாய்ந்த கடற்றொழிலாளிக்கும் தோல் தடித்துக் காய்த்துப்போவது நோயன்று. ஓயாத அமுக்கத்தையும் உராய்வையும் தாங்கும்பொருட்டுச் சரீரம் தானே தேடிக்கொள்ளும் காப்பு அது. ஆதலால் வலியும் வெடிப்பும் இல்லாத காய்ப்பை அடியோடு நீக்க முயல்வது வீண் வேலை மாத்திரமன்று, தொழில் செய்பவர்க்குத் தீங்குமாகும்.

நோவு உண்டானால், இன்னதென்று முதலில் அறியவேண்டும். பரந்து மஞ்சளித்த தடிப்பு காய்ப்பு. வட்டமாய்ச் சிறுத்து, நடுவே வைரம் பாய்ந்த முனையொன்று உள்ளிறங்கி, நேரே அமுக்கும்போது நொந்தால் அது ஆணி. தோலின் ரேகைகள் அவ்விடத்தில் அறுபட்டு, கரும்புள்ளிகள் தோன்றி, இரு பக்கமும் பிடித்து நசுக்கும்போது வலித்தால் அது பெரும்பாலும் வைரசினால் வந்த மரு. அதற்குக் காய்ப்புக்குரிய கைவைத்தியம் உதவாது.

சலரோகம் இல்லாதவர், புண்ணற்ற காய்ப்பை வீட்டிலேயே தணித்துக்கொள்ளலாம். இளஞ்சூடான நன்னீரிலே பத்து நிமிஷம் பாதத்தை ஊறவைத்து, ஈரத்தோடு நுரைக்கல்லால் அல்லது பீர்க்கங்கூட்டால் மெல்லத் தேய்த்து, விரலிடுக்குகளை நன்றாகத் துடைத்து உலர்த்திய பின், தடித்த இடத்தில் மாத்திரம் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ பூசி வந்தால், சில வாரங்களில் தோல் இளகிவிடும். ஒரே நாளில் முழுவதையும் உரித்துவிட வேண்டுமென்ற அவசரமே பல இரணங்களுக்கு மூலகாரணம். காலை நெருக்கும் செருப்பை மாற்றாதவர்க்கோ எந்த எண்ணெயும் நிரந்தர பலன் தராது.

இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் நிரபாயமானது ஆகிவிடாது. இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. வேலியோரத்து எருக்கலையின் பால் தோலைப் புண்ணாக்கும். அந்தப் பால் பட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் கருவிழியே பழுதுபடக்கூடும். சேங்கொட்டை கொப்புளம் எழுப்பும். சுண்ணாம்பைச் சவர்க்காரத்தோடு குழைத்து அப்புவதும், நசுக்கிய உள்ளியை இரா முழுவதும் வைத்துக் கட்டுவதும் நல்ல தோலையும் வேகவைத்துவிடும். தேசிக்காய்ச்சாறு பூசி வெயிலில் நின்றால் கொப்புளமும், நெடுநாள் மறையாத கறுப்புத் தழும்பும் வரலாம். சவர அலகால் செதுக்குவதைப்பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

சலரோகிகளுக்கு மேற்சொன்ன வீட்டு முறைகளும் ஆகா. நரம்பின் உணர்ச்சி குன்றிய பாதத்தில் காய்ப்பின் அடியிலேயே இரத்தம் கசிந்து புண் உருவாகும். நோவு இல்லாமையால் நோயாளி அதை அறியமாட்டார். நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆனி உற்சவத்தில் மத்தியான மணலிலே வெறுங்காலோடு நிற்கும் பக்தர்களுள் இவ்வாறானவர் இருப்பின், கால் சுட்டதே வீடு திரும்பிய பின்தான் தெரியவரும். சலரோகிகள் ஆணிக்கென விற்கப்படும் சாலிசிலிக் அமிலப் பிளாஸ்டரையும் வைத்தியர் சொல்லாமல் ஒட்டலாகாது. தினந்தோறும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பதும், கிளினிக் நாளிலே செருப்பைக் கழற்றிக் காலையும் பார்க்கும்படி வைத்தியரைக் கேட்பதும் அவர்களுக்கு இன்றியமையாதவை. அரசினர் வைத்தியசாலையிலே இது கட்டணமின்றிக் கிடைக்கும் சிகிச்சை. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். மூலிகை மருந்தையே நாடுவோர்க்குக் கைதடிச் சித்த வைத்தியசாலை இருக்கிறது.

விலாசமும் காலாவதித் திகதியும் இல்லாத காய்ப்பு மருந்துப் போத்தலை வாங்கிக் கால் வெந்தவர், பற்றுச்சீட்டையும் போத்தலையும் பத்திரப்படுத்திவிட்டு, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 3 மாதத்துள் எழுத்துமூலம் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. நட்டஈட்டையோ பணத்தைத் திருப்பிக் கொடுப்பதையோ கட்டளையிடும் அதிகாரம் அச்சபைக்கு உண்டு.

காற்றுக் கடுமையான நாட்களில் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே படகுச் சேவை நிறுத்தப்படுவதுண்டு. ஆகையால் காய்ப்பைச் சுற்றிச் செம்மையோ, வீக்கமோ, சீழோ, துர்நாற்றமோ கண்டால் நாளைக்கென்று வையாது, அன்றே தீவின் பிரதேச வைத்தியசாலையிற் காட்டவேண்டும்; யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டுமா என்பதை, கடல் கடக்கக்கூடியதாய் இருக்கும்போதே அங்குள்ள வைத்தியர் தீர்மானிக்க அது இடந்தரும்.