உளுந்து முழுவதையும் விற்றுவிடாதீர்கள்

டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்து, நெல் தரிசில் உளுந்து காய் பிடித்திருந்த நேரம். வயல் பார்வைக்குப் போயிருந்தேன். மூன்று ஏக்கரில் உளுந்து போட்டிருந்த ஒரு விவசாயி, பூச்சி, உரம் எல்லாம் பேசி முடித்தபின் வரப்பில் உட்கார்ந்து கேட்டார்: "நான் கறி, மீன் தொடறதில்லைங்க. முழுச் சைவம். எனக்கு எப்படி சார் சுகர் வந்துச்சு?"

மதியம் அவர் வீட்டில்தான் சாப்பாடு. தட்டு நிறையச் சோறு. பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், ஊறுகாய். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. விளைந்த உளுந்தில் வீட்டுக்கு எவ்வளவு வைப்பீர்கள் என்று கேட்டேன். "இட்லிக்கு ஒரு பத்துப் பதினஞ்சு கிலோ. மீதி வியாபாரிக்குப் போயிடும்" என்றார். அந்த இட்லி மாவிலும் நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்குதான் உளுந்து.

அவர் தட்டில் இருந்தது முழுக்கத் தாவர உணவு. ஆனால் அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசி. சைவம் என்பதால் மட்டும் சர்க்கரை நோய் விலகி நிற்காது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் 11.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. தமிழகத்தில் இது 14.4 சதவீதம். அதே ஆய்வின் உணவு பற்றிய பகுதி 2025-இல் வந்தது. நாம் சாப்பிடும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறதாம். அதில் 5 சதவீத ஆற்றலை மட்டும் பயறு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினாலே சர்க்கரை நோய்க்கான ஆபத்து குறையும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அதில் இன்னொரு செய்தி சிறுதானியம் விற்போருக்குப் பிடிக்காது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் அதே அளவு கோதுமை மாவோ சிறுதானிய மாவோ சாப்பிட்டதில் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. 'சுகருக்கு மருந்து' என்று பலகை வைத்து விற்கும் சாமையும் தினையும் பல கடைகளில் தவிடு போகத் தீட்டி வெள்ளையாக இருக்கின்றன. சிறுதானியம் நல்ல பயிர், நானும் பரிந்துரைக்கிறேன். ஆனால் தவிட்டோடு, அளவோடு சாப்பிட வேண்டும், கூடவே பயறும் இருக்க வேண்டும்.

பயறில் அப்படி என்ன இருக்கிறது? தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு 7, 8 கிராம் புரதம் என்றால், உளுந்திலும் பாசிப்பயறிலும் 20 கிராமுக்கு மேல். அதன் மாவுச்சத்து புரதத்தோடும் நாரோடும் பின்னிக் கிடப்பதால் மெதுவாகவே செரிக்கிறது. சர்க்கரை குபீரென்று ஏறுவதில்லை. கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றிவிடும். அதை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருக்கும் கொலஸ்டிராலை எடுத்துக்கொள்ளும். மாரடைப்புக்குக் காரணமான கெட்ட கொழுப்பு இப்படித்தான் குறைகிறது.

இனி நம் கணக்குக்கு வருவோம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி உணவுக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், காய்கறி, கீரை 400 கிராம், பயறு 85 கிராம். முட்டை, மீன் சாப்பிடுவோருக்கு அவையும் சேர்த்து 85 கிராம். ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு கிடைக்கிறது. நான்கு பேர் வீட்டில் அது ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம்! சைவம் சாப்பிடும் நான்கு பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 124 கிலோ பயறு வேண்டும். தரிசு உளுந்தில் ஏக்கருக்கு 200 கிலோ வந்தால், அரை ஏக்கர் விளைச்சலை வீட்டுக்கு ஒதுக்கினாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

மீதிக்கு வரப்பு இருக்கிறது. நடவு முடிந்ததும் வரப்பில் துவரை, தட்டைப்பயறு ஊன்றலாம். வரப்பு உளுந்துக்கு வரும் பொறிவண்டும் சிலந்தியும் நெற்பயிரின் பூச்சிகளையும் தின்னும். உளுந்து மட்டுமே என்றால் வீட்டில் சலித்துவிடும். அதனால் இரண்டு மூன்று வகைப் பயறு போடுங்கள். நிலக்கடலை, எள்ளையும் எண்ணெயாக்குவது போக ஒரு பங்கை அப்படியே சாப்பிட வையுங்கள். அப்பளம், ஊறுகாயில் இருக்கும் உப்பையும் கணக்கில் எடுங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அதுதான் முதல் எதிரி. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவு.

சாப்பாட்டை மாற்றினோம் என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இன்சுலின் போடுபவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பருப்பின் அளவையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பி12 வைட்டமின் தாவர உணவில் கிடையாது. அதனால் சைவம் சாப்பிடுபவர்கள் மோர், தயிரை விட்டுவிட வேண்டாம்.

இதையெல்லாம் அந்த விவசாயியிடம் சொன்னபோது அவர் மனைவி குறுக்கிட்டார். "வெச்சா வண்டு விழுந்துடுதுங்களே, அதனாலதான் விக்கிறோம்." நியாயமான பேச்சு. பயறு வண்டு வயலிலேயே காயில் முட்டையிட்டு விதையோடு வீட்டுக்கு வந்துவிடும். ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை நல்ல வெயிலில் காயவிடுங்கள். பல்லால் கடித்தால் 'கடக்' என்று உடைய வேண்டும். ஆறியபின் காற்றுப் புகாத டின்னில் வாய்வரை நிரப்பி மூடுங்கள். துவரைக்குச் செம்மண் கட்டும் நம் பழைய முறை இன்றும் நல்ல முறைதான். இல்லையென்றால் உடைத்துப் பருப்பாக்கி வையுங்கள். முழுப் பயறைப் போல அதில் வண்டு பெருகுவதில்லை.