அமெரிக்கப் பூங்காக்களில் உண்ணிக் கடி: லைம் நோயைத் தெரிந்துகொள்வோம்

நியூ ஜெர்ஸியிலோ கனெக்டிகட்டிலோ இருக்கும் மகன், மகள் வீட்டுக்கு நம்மூரிலிருந்து செல்லும் பெற்றோர் பெரும்பாலும் கோடையில்தான் போகிறார்கள். சனி, ஞாயிறு வந்தால் பேரப்பிள்ளைகளோடு டெலவேர் வாட்டர் கேப், கேப் காட், அகேடியா என்று ஏதாவது ஒரு பூங்காவுக்குக் கிளம்பிவிடுவார்கள். வடகிழக்கு அமெரிக்காவின் காடுகளில் இளம் உண்ணிகள் மிகுந்து திரிவதும் மே முதல் ஜூலை வரையிலான அதே மாதங்களில்தான். இந்த உண்ணி பரப்பும் லைம் நோய்க்கு அந்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 4,76,000 பேர் சிகிச்சை பெறுவதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிட்டிருக்கிறது. அதற்காகப் பூங்காவுக்கே போகாமல் இருக்க வேண்டியதில்லை. திரும்பி வந்த அன்றே உடம்பைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

நோய் தெரியவந்த கதை

1970-களின் நடுவில் கனெக்டிகட் மாநிலத்தின் லைம், ஓல்டு லைம் ஊர்களில் பல குழந்தைகளுக்கு முழங்கால் வீங்கியது. குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அக்கம்பக்கத்தில் இத்தனை பேருக்கு ஒரே நோய் எப்படி வரும் என்று பாலி மர்ரே என்ற தாய் விடாமல் கேட்டு, 1975-இல் சுகாதாரத் துறையிடம் முறையிட்டார். யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஆலன் ஸ்டீர் ஆராய்ந்து, இது உண்ணியோடு தொடர்புடைய தனி நோய் என்று காட்டினார். நியூயார்க் மாநிலத்தின் ஷெல்டர் தீவில் பிடித்த உண்ணிகளின் குடலில், இந்த நோய்க்குக் காரணமான சுருள் வடிவ பாக்டீரியாவை ஆய்வாளர் வில்லி பர்க்டார்ஃபர் 1981-இல் கண்டுபிடித்தார். அவர் பெயராலேயே அது பொரீலியா பர்க்டார்ஃபெரி எனப்படுகிறது.

எலியிடமிருந்து மனிதனுக்கு

இந்த உண்ணியின் ஆயுள் ஏறக்குறைய இரண்டு ஆண்டு. லார்வா, இளம் உண்ணி, முதிர்ந்த உண்ணி ஆகிய மூன்று பருவத்திலும் ஒவ்வொரு முறை ரத்தம் குடிக்கும். முட்டையிலிருந்து வரும் லார்வாவிடம் லைம் கிருமி இருப்பதில்லை. வெள்ளைக்கால் எலி போன்ற சிறு விலங்கின் ரத்தத்தைக் குடிக்கும்போதுதான் கிருமி தொற்றுகிறது. மறு வசந்தத்தில் இளம் உண்ணியாகி அடுத்த வேளை ரத்தத்துக்குக் காத்திருக்கும்போது நாம் அந்த வழியாக நடக்கிறோம். மானிடமிருந்து உண்ணிக்குக் கிருமி தொற்றாது. ஆனால் முதிர்ந்த உண்ணிகள் ரத்தம் குடித்துப் பெருகுவது மானின் மேல்தான். வடகிழக்கில் கைவிடப்பட்ட விளைநிலங்கள் மறுபடி காடாகி, மான்கள் பெருகி, அந்தக் காட்டின் ஓரத்திலேயே வீடுகளும் எழுந்ததால்தான் நோய் இவ்வளவு பரவியது.

உண்ணிக்குப் பறக்கவோ குதிக்கவோ தெரியாது. புல் நுனியில் ஏறி, பின்கால்களால் பற்றிக்கொண்டு, முன்கால்களை நீட்டியபடி இருக்கும். நாம் விடும் மூச்சையும் உடல் வெப்பத்தையும் அந்த முன்கால்களில் உள்ள நுண்ணுறுப்பால் அறிந்து, உரசும் துணியில் தொற்றிக்கொள்ளும். புடவைக் கொசுவம் புல்லை உரசிக்கொண்டே போகும் என்பதால் காட்டுப் பாதைக்குப் புடவை ஏற்றதல்ல. வெளிர் நிறப் பேன்ட் போட்டு, அதன் கால் நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். டீட் கலந்த பூச்சிவிரட்டியை வெளியே தெரியும் தோலில் தடவலாம். பெர்மெத்ரின் மருந்தை உடைக்கும் ஷூவுக்கும் மட்டுமே அடிக்க வேண்டும், தோலில் படக்கூடாது. பாதையின் நடுவிலேயே நடங்கள்.

கையில் இருக்கும் நேரம்

பசித்த உண்ணியின் குடலில்தான் கிருமி இருக்கும். சூடான ரத்தம் உள்ளே போனதும் அது தன் மேற்புறப் புரதத்தை மாற்றிக்கொண்டு, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய், அங்கிருந்து நம் உடலுக்குள் வருகிறது. லைம் கிருமி தொற்ற உண்ணி பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். அன்றிரவே எடுத்துவிட்டால் ஆபத்து மிகக் குறைவு.

சிக்கல் என்னவென்றால், இளம் உண்ணி கசகசா அளவுதான். கடிப்பது வலிக்காது, அரிக்காது. அதனால் தேடித்தான் பார்க்க வேண்டும். வீடு திரும்பிய இரண்டு மணி நேரத்துக்குள் குளியுங்கள். அக்குள், தொப்புள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் என்று விரலால் தடவிப் பாருங்கள். பின்கழுத்தையும் முதுகையும் வேறொருவர் பார்க்கட்டும். போட்டிருந்த துணியைத் துவைக்கும் முன் ட்ரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓடவிட்டால் அதிலுள்ள உண்ணி காய்ந்து சாகும்.

ஒட்டியிருக்கும் உண்ணி கண்ணில் பட்டால், கூர்நுனி ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். நாய்க்கும் மாட்டுக்கும் செய்வதுபோல் மண்ணெண்ணெய் தடவுவதோ தீக்குச்சியால் சுடுவதோ வேண்டாம். பிறகு சோப்பு போட்டு இடத்தைக் கழுவுங்கள். உண்ணி 36 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்திருக்கலாம் என்று தோன்றினால் மருத்துவரைப் பாருங்கள். எடுத்த 72 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு வேளை டாக்ஸிசைக்ளின் கொடுத்து நோயைத் தடுக்க வழி உண்டு.

நம் தோலில் எப்படித் தெரியும்?

கடித்து 3 முதல் 30 நாட்களுக்குள், பத்தில் ஏழெட்டுப் பேருக்குத் தோலில் ஒரு தடிப்பு தோன்றி நாளுக்கு நாள் அகலமாகும். ஓர் அடி அகலம்கூட ஆகலாம். புத்தகப் படங்களில் இருப்பது பெரும்பாலும் வெள்ளைத் தோலில் தெரியும் சிவப்பு வளையம். நம் மாநிறத் தோலில் அது கன்றிப்போன இடம்போல ஊதாவாகவோ பழுப்பாகவோ இருக்கலாம்; வளையமே இல்லாமலும் இருக்கலாம். அது பெரிதாகிக்கொண்டே போகிறதா என்பதைக் கவனியுங்கள். பேனாவால் ஓரம் வரைந்து வைத்தால் மறுநாள் தெரிந்துவிடும். கூடவே காய்ச்சல், தலைவலி, அசதி, உடல்வலி வரலாம்.

இந்தக் கட்டத்தில் ரத்தப் பரிசோதனையில் நோய் இல்லை என்று வரக்கூடும். எதிர்ப்புப் புரதங்கள் உருவாகச் சில வாரங்கள் ஆகும். தடிப்பையும் போய்வந்த இடத்தையும் வைத்தே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கலாம். இரண்டு வாரம்வரை டாக்ஸிசைக்ளின் அல்லது அமாக்ஸிசிலின் சாப்பிட்டால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமாகிறார்கள். கவனிக்காமல் விட்டால் முகத்தின் ஒரு பக்கம் வாதமாகலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம், மாதங்கள் கழித்து முழங்கால் வீங்கலாம்.

காத்திருக்கக் கூடாத காய்ச்சல்

இதே உண்ணி அனாப்ளாஸ்மா என்ற இன்னொரு பாக்டீரியாவையும் பரப்பும். அது வெள்ளணுக்களைத் தாக்கும். பெரும்பாலும் தடிப்பு வராது, காய்ச்சலும் கடும் தலைவலியும்தான். வேறு வகை நாய் உண்ணிகள் பரப்பும் ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல் உயிரையே பறிக்கக்கூடியது. அதற்குப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல், நோய் தொடங்கிய முதல் ஐந்து நாட்களுக்குள் டாக்ஸிசைக்ளின் தொடங்க வேண்டும். குழந்தைகளுக்கும் இதே மருந்துதான்.

ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் இங்கே முதலில் டெங்கு, மலேரியா, டைபாய்டு பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லப்படும் ஸ்க்ரப் டைபஸ் வேறு நோய். அதைப் பரப்புவது வேறொரு சிற்றுயிரியின் லார்வா. அதனால் மருத்துவர் கேட்கும்வரை இருக்காமல், எந்த மாதம் எந்தப் பூங்காவுக்குப் போனீர்கள், உண்ணி கடித்ததா, தோலில் ஏதாவது தடித்ததா என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள். தடிப்பைப் போனில் படமெடுத்து வைத்திருந்தால் அதையும் காட்டுங்கள்.