கேஸ் தீர்ந்துபோவதில்லை: சூப்பர் மார்க்கெட் குளிர்பெட்டி ஏன் பழுதாகிறது?

“அண்ணே, சில்லர்ல கூலிங் நிக்கல. கேஸ் தீந்துபோச்சுன்னு நெனைக்கிறேன். வந்து கொஞ்சம் போட்டு விட்ருங்க.”

வெயில் காலத்தில் குளிர்பதன மெக்கானிக்குகளுக்குக் கடைகளிலிருந்து வரும் அழைப்புகள் பலவும் இப்படித்தான் தொடங்குகின்றன. அழைப்பவரே நோயையும் சொல்லி, மருந்தையும் சொல்லிவிடுகிறார். ஸ்கூட்டருக்குப் பெட்ரோல், அடுப்புக்கு சிலிண்டர், குளிர்பெட்டிக்குக் கேஸ் என்று நாம் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறோம். பெட்ரோல் எரிந்து தீரும். குளிர்பெட்டியில் இருக்கும் கேஸ் எரிவதில்லை. செப்புக் குழாய்களுக்குள், மூடிய வட்டத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது. பெட்டியைப் பொருத்திய நாளில் எத்தனை கிலோ ஏற்றினார்களோ, அது பழைய இரும்புக்குப் போகும் நாளிலும் அத்தனை கிலோ உள்ளே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அது குறையாமலே குளிர் குறைந்திருந்தால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. எது என்று பிரித்தறிவதுதான் இந்தத் தொழிலின் பாதி.

கொதித்துக் குளிர்விக்கும் கேஸ்

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். சூப்பர் மார்க்கெட்டுகளில் பரவலாகப் பயன்பட்ட ஆர்-404ஏ என்ற கேஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 46 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும் எதற்கும் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது பால் பாக்கெட்டிலிருந்தும் ஐஸ்கிரீமிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலை ஏறும், குறைத்தால் இறங்கும். குளிர்பதனத்தின் மொத்த வித்தையும் இந்த ஒரு விதிக்குள் அடக்கம்.

கம்ப்ரசர் கேஸை அமுக்கிச் சூடாக்குகிறது. மாடியிலோ கடையின் பின்புறத்திலோ இருக்கும் கண்டென்சர், அந்தச் சூட்டை வெளிக்காற்றில் விட்டு கேஸைத் திரவமாக்குகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற ஊசிமுனைத் துவாரம், திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்த அழுத்தத்துக்குள் விடுகிறது. பெட்டிக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அது கொதித்து, வெப்பத்தை உறிஞ்சி, மறுபடி கேஸாகி கம்ப்ரசருக்குத் திரும்புகிறது. பால், தயிர் வைக்கும் சில்லரில் காயிலின் வெப்பநிலை மைனஸ் 10 டிகிரியை ஒட்டி இருக்கும். ஐஸ்கிரீம் ஃப்ரீசரில் மைனஸ் 30 அல்லது அதற்கும் கீழே போகும்.

இந்த நான்கு பாகங்களோடு காற்று, தண்ணீர், மின்சாரம் மூன்றும் சேர்ந்துதான் ஒரு குளிர்பெட்டி. கேஸைத் தவிர மற்றவை கெட்டாலும் வாசலில் தெரியும் அறிகுறி ஒன்றுதான்: கூலிங் இல்லை.

கருவியை எடுக்கும் முன்

நல்ல மெக்கானிக் வந்ததும் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டுவதில்லை. முதலில் கேட்கிறார். எப்போதிலிருந்து இப்படி? எல்லாப் பெட்டியுமா, இது மட்டுமா? சமீபத்தில் எதையாவது நகர்த்தினீர்களா? ஒரே கம்ப்ரசரில் ஓடும் நான்கு பெட்டிகளில் மூன்று நன்றாகக் குளிர்ந்தால் கம்ப்ரசரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கோளாறு அந்த ஒரு பெட்டிக்குள்தான். இரண்டு நிமிடக் கேள்வி, இரண்டு மணி நேர வேலையை மிச்சப்படுத்தும்.

அடுத்து, கண்ணால் பார்க்கிறார். கதவில்லாத திறந்த சில்லரில், மேலிருந்து கீழாக ஒரு குளிர்காற்றுத் திரை ஓடிக்கொண்டே இருக்கும். வெளிச்சூட்டை உள்ளே விடாமல் தடுப்பது அந்தக் கண்ணுக்குத் தெரியாத திரைதான். பெட்டியின் உட்புறத்தில் ‘இதற்கு மேல் அடுக்காதீர்கள்’ என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். பண்டிகை நேரத்தில் அந்தக் கோட்டைத் தாண்டிப் பாக்கெட்டுகளை அடுக்கினால், கீழே காற்று திரும்பும் சல்லடை மூடிக்கொள்ளும், திரை கிழியும். சில்லருக்கு நேர் எதிரே ஃபேனைத் திருப்பி வைத்தாலும் இதே கதைதான். இதற்கு மருந்து கேஸ் அல்ல. பாக்கெட்டுகளை நான்கு அங்குலம் கீழே இறக்கினால் போதும்.

பிறகு மாடிக்கு ஏறிக் கண்டென்சரைப் பார்க்க வேண்டும். தெருத்தூசியும் பஞ்சும் அதன் தகடுகளில் கம்பளி போலப் படிந்திருக்கும். வெளிக்காற்று 40 டிகிரியில் இருக்கும் மே மாதத்தில், சுத்தமான கண்டென்சரே 50 டிகிரிக்கு மேல் வேலை செய்தாக வேண்டும். அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறி, பாதுகாப்புச் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். ரீசெட் பொத்தானை அமுக்கினால் மறுபடி ஓடும், அரைமணியில் மறுபடி நிற்கும். “காலையில நல்லா ஓடுது, மத்தியானம் நிக்குது” என்று கடைக்காரர் சொன்னால், முதலில் போக வேண்டிய இடம் மாடி. அங்கே தேவைப்படுவது பிரஷ்ஷும் தண்ணீரும்.

பனியைப் படிப்பது

கடைக்குள் வரும் காற்றில் ஈரம் இருக்கிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அது இன்னும் அதிகம். அந்த ஈரம் உறைந்த காயிலில் ஒட்டிப் பனியாகிறது. அதனால் குறிப்பிட்ட இடைவெளியில் பெட்டி தானாகக் குளிரை நிறுத்திப் பனியை உருக்கிக்கொள்ளும். இதை டீஃப்ராஸ்ட் என்கிறோம். சில்லரில் கம்ப்ரசரை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓடவிட்டால் போதும். ஃப்ரீசரில் ஹீட்டர் வேண்டும்.

ஹீட்டர் எரிந்துபோனால், டைமர் நின்றுபோனால், அல்லது உருகிய தண்ணீர் வெளியேறும் குழாயைப் பாக்கெட் லேபிள் ஒன்று அடைத்துக்கொண்டால், பனி நாளுக்கு நாள் தடித்துக் காயில் முழுவதும் பாறையாகிவிடும். ஃபேன் சுற்றும், காற்று நுழையாது. பெட்டிக்குள் ஐஸ் கட்டி குவிந்திருக்க, பெட்டியோ சூடாக இருக்கும்.

பனி எங்கே படிந்திருக்கிறது என்பதும் ஒரு சாட்சி. காயில் முழுவதும் ஒரே சீராக மூடியிருந்தால் டீஃப்ராஸ்ட் கோளாறு. திரவம் நுழையும் முனையில் மட்டும் கொஞ்சம் படிந்து மற்ற பகுதி காய்ந்து கிடந்தால், காயிலுக்குப் போதுமான கேஸ் வரவில்லை. கதவு ஓரத்தில் மட்டும் என்றால் ரப்பர் பீடிங் கிழிந்திருக்கிறது.

ஒரே முள், இரண்டு நோய்

இத்தனைக்கும் பிறகுதான் கேஜ். பெரிய தவறு நடப்பதும் இங்கேதான். கம்ப்ரசருக்குத் திரும்பும் பக்கத்தில் அழுத்தம் குறைவாகக் காட்டினால், ‘கேஸ் கம்மி’ என்று முடிவு செய்து சிலிண்டரைத் திறந்துவிடுகிறார்கள். ஆனால் கேஸ் குறைந்தாலும் முள் இறங்கும், காயில் பனியில் மூடினாலும் இறங்கும்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஓர் எளிய கழித்தல் கணக்கு. ஆர்-404ஏ ஓடும் பெட்டியில் கேஜ் ஏறத்தாழ 48 பிஎஸ்ஐ காட்டினால், உள்ளே கேஸ் மைனஸ் 10 டிகிரியில் கொதிக்கிறது என்று பொருள். காயிலை விட்டு வெளியே வரும் குழாயில் தெர்மாமீட்டரைக் கட்டிப் பார்க்கிறோம். அது மைனஸ் 4 காட்டினால் வித்தியாசம் 6 டிகிரி. இதற்குப் பெயர் சூப்பர்ஹீட். சில்லருக்கு 6 டிகிரி ஆரோக்கியமான எண். அதுவே 20 என்றால் கேஸ் காயிலின் பாதியிலேயே கொதித்து முடிந்து, மீதிப் பாதி பட்டினி கிடக்கிறது. லீக்காக இருக்கலாம், அல்லது வழியில் ஈரத்தை உறிஞ்சும் டிரையரோ வால்வோ அடைத்திருக்கலாம். டிரையரின் இரு முனைகளையும் தொட்டுப் பார்த்தால், ஒரு முனை வெதுவெதுப்பாகவும் மறுமுனை சில்லென்றும் இருந்தால் அடைப்பு அதற்குள்தான்.

அழுத்தமும் குறைவு, சூப்பர்ஹீட்டும் இரண்டு மூன்று டிகிரிதான் என்றால், கேஸ் இருக்கிறது, அதற்குக் கொதிக்க வெப்பம் கிடைக்கவில்லை. பனி மூடியிருக்கும், அல்லது ஃபேன் நின்றிருக்கும். இந்த நிலையில் கேஸ் ஏற்றினால் கொதிக்காத திரவம் கம்ப்ரசருக்குள்ளேயே போய்விடும். கேஸை மட்டுமே அமுக்கத் தெரிந்த இயந்திரம் அது. திரவத்தை அமுக்க முடியாமல் வால்வுத் தகடு உடையும். சில நூறு ரூபாய் ஃபேன் மோட்டாரில் முடிந்திருக்க வேண்டிய வேலை, கம்ப்ரசர் மாற்றுவதில் போய் நிற்கும்.

இன்னொரு திருட்டுக் கோளாறும் உண்டு. பெட்டி நன்றாகக் குளிரும், திடீரென்று நிற்கும், அணைத்து வைத்துவிட்டுப் போட்டால் மறுபடி குளிரும். உள்ளே புகுந்த ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் முனையில் உறைந்து அடைப்பதும், அணைத்ததும் உருகுவதுமே காரணம். வால்வின் மேல் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் சோதனை. சீறலோடு குளிர் திரும்பினால் திருடன் ஈரம்தான்.

கரன்ட் தரும் தொல்லை

கம்ப்ரசர் ஓடவே இல்லை என்றால், அது எரிந்துவிட்டது என்று சொல்லும் முன் மூன்று பேஸும் வருகிறதா என்று அளக்க வேண்டும். 415 வோல்ட் மூன்று பேஸில் ஒன்று அறுந்தாலும் மோட்டார் மற்ற இரண்டிலும் கூடுதல் கரன்ட் இழுத்து எரியும். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் கான்டாக்டரின் தேய்ந்த முனை ஒன்றே இதற்குப் போதும். சிங்கிள் பேசிங் தடுப்பான் இல்லாமல் பெரிய கம்ப்ரசரை ஓட்டுவது, ஹெல்மெட் இல்லாமல் நெடுஞ்சாலையில் போவது போல.

எரிந்த கம்ப்ரசர் உள்ளே அமிலத்தை விட்டுச் செல்லும். குழாய்களைச் சுத்தம் செய்யாமல், டிரையரை மாற்றாமல் புதியதை மாட்டினால் அந்த அமிலம் புதியதையும் தின்றுவிடும். முதல் கம்ப்ரசர் ஏன் எரிந்தது என்று கேட்காமல் இரண்டாவதை மாட்டக்கூடாது.

லீக்தான் என்று உறுதியானால்

தேடல் எண்ணெய்க் கறையிலிருந்து தொடங்கும். கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரசர் எண்ணெயும் கசிந்து தூசியைப் பிடித்துவைத்திருக்கும். பெரும்பாலும் பற்றவைத்த இணைப்பு, ஃபிளேர் நட்டு, அல்லது அதிர்ந்து அதிர்ந்து ஒன்றோடொன்று உரசிய குழாய். மிச்சக் கேஸைக் காலி சிலிண்டரில் இழுத்துச் சேமித்துவிட்டு, நைட்ரஜனை ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்ஸிஜனை ஏற்றக்கூடாது. எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும், உயிர் போகும்.

பற்றவைக்கும்போது குழாய்க்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் உட்புறம் கருத்துச் செதில் உதிர்ந்து வால்வை அடைக்கும். பிறகு வாக்யூம் பம்ப்பை ஓட்டி, அளவுமானி 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கி, பம்ப்பை நிறுத்தினாலும் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேறு குறுக்கு வழி இல்லை. கடைசியில் தராசில் நிறுத்துக் கேஸை ஏற்ற வேண்டும். ஆர்-404ஏ மூன்று வாயுக்களின் கலவை என்பதால் சிலிண்டரிலிருந்து திரவமாகவே எடுக்க வேண்டும். ஆவியாக எடுத்தால் கலவை விகிதம் மாறும்.

இதற்கெல்லாம் அரைநாள், சில நேரம் ஒருநாள் ஆகும். சிலிண்டரைத் திறந்து ‘கொஞ்சம் போட்டு விட’ பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்தின் விலை

ஒரு கிலோ ஆர்-404ஏ கசிந்தால், அது ஏறத்தாழ 3,900 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் புவியைச் சூடாக்கும். ஒரு சராசரி சூப்பர் மார்க்கெட் தன்னிடமுள்ள கேஸில் ஆண்டுக்குச் சுமார் 25 சதவீதத்தைக் கசியவிடுகிறது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் நாட்டுக் கடைகளைப் பற்றி மதிப்பிட்டிருக்கிறது. பழைய பெட்டிகளில் இருக்கும் ஆர்-22, ஓசோன் படலத்தையும் அரிக்கும். அதைக் கைவிட வழிவகுத்தது 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்பாடு. புவியைச் சூடாக்கும் கேஸ்களைக் குறைக்க 2016-இல் ஏற்கப்பட்ட கிகாலித் திருத்தத்தை இந்தியா 2021-இல் உறுதிசெய்தது.

மாற்றாக வந்திருக்கும் புரொப்பேன், அதாவது ஆர்-290, சூழலுக்கு மிகக் குறைந்த கேடு கொண்டது. ஆனால் தீப்பிடிக்கும். அந்தப் பெட்டியின் அருகே டார்ச்சைக் கொளுத்தும் முன் லேபிளைப் படிப்பதும், கேஸை முழுவதும் வெளியேற்றி, காற்றோட்டம் பார்ப்பதும் உயிர்காக்கும் பழக்கங்கள். 2019-இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் பழுதுபார்ப்பாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று இலக்கு வைத்ததன் நியாயம் இங்கேதான் புரிகிறது.

கடையில் வாங்குபவருக்கும் இதில் பங்கு உண்டு. உறைந்த உணவு மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தரம். பட்டாணி பாக்கெட் உதிரியாக இல்லாமல் ஒரே கட்டியாக இறுகியிருந்தால், ஐஸ்கிரீம் நாக்கில் நறநறத்தால், அது எப்போதோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது. கல்லாவில் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஓர் அட்டை

கடைக்காரர்கள் செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு கம்ப்ரசரின் அருகிலும் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள். வந்த தேதி, கண்ட கோளாறு, அளந்த எண்கள், ஏற்றிய கேஸ் எத்தனை கிராம், கசிந்த இடம் எது என்று மெக்கானிக்கையே எழுதச் சொல்லுங்கள். அந்த அட்டையில் ஒரே ஆண்டில் மூன்று முறை ‘கேஸ்’ என்று எழுதி, ‘கசிந்த இடம்’ என்ற கட்டம் மூன்று முறையும் காலியாக இருந்தால், உங்கள் பெட்டி இதுவரை ஒருமுறைகூடப் பழுதுபார்க்கப்படவில்லை. அடுத்த முறை அவர் வரும்போது, கேஸுக்கான பணத்தோடு தேடுவதற்கான ஒருநாள் கூலியையும் சேர்த்துக் கொடுங்கள். அந்தக் கட்டம் நிரம்பும்.